காற்று பட்டாலே கரன்ட் ஷாக்... பல்லைப் பிடுங்கியும் போகாத வலி! காதுக்குப் பின்னால் ஓர் ஆபரேஷன், அதன் பிறகான ஆறு வாரங்கள்

'பார்ட்னர்' இந்திப் படத்தின் படப்பிடிப்பு. சல்மான் கானின் முகத்தில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது. உடன் நடித்த லாரா தத்தா அதை விரலால் எடுத்துவிடுகிறார். அந்த நொடியில் சல்மானின் முகத்தில் கரன்ட் அடித்ததுபோல் ஒரு வலி. அதையும் அவர் ஒரு ஜோக்காகச் சொல்லிச் சமாளித்தார். வலிதான் விடவில்லை.

2025 செப்டம்பரில், கஜோலும் ட்விங்கிள் கன்னாவும் நடத்தும் ஓடிடி நிகழ்ச்சியில் இதை அவரே சொன்னார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வலி வெட்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே வரும். ஒரு ஆம்லெட்டைச் சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். முதலில் எல்லோரும் அதைப் பல் பிரச்னை என்றே நினைத்தார்கள். பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. தமிழில் முக்கிளை நரம்பு வலி. 2011-ல் 'பாடிகார்ட்' வெளியான சமயத்தில் அமெரிக்காவுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கொஞ்சம் குறையும் என்று நம்பிப் போனவருக்கு, வலி மொத்தமாகவே நின்றுபோனது.

சல்மான் அமெரிக்கா போனார். அம்பத்தூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் சென்ட்ரல் இறங்கி, எதிர்ப்பக்கம் போனால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-ல் அங்கேதான் மூளை, நரம்பு அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறையைத் தொடங்கினார். மேற்குப் பக்கம் போரூரிலும் தண்டலத்திலும் பெரிய தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. டாக்டர்களுக்குக் குறைவில்லை. இது என்ன வலி என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைவதுதான் பிரச்னை.

தலைவலியா, பல்வலியா?

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. அதில் ஐந்தாவது ஜோடி முகத்துக்கானது. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இந்த நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இன்னொன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகிறது. முகத்தில் எங்கே தொட்டாலும் அதை மூளைக்குச் சொல்வது இதுதான்.

இந்த நரம்பு மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்தில், பக்கத்தில் ஓடும் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து அழுத்தலாம். வயதாக ஆக ரத்தக்குழாய்கள் நீண்டு வளையும் என்பதால், இந்த நோய் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒவ்வொரு துடிப்பிலும் குழாய் நரம்பின்மேல் இடித்து இடித்து, அதன் மேலுறை தேய்ந்துவிடுகிறது. உறை போன ஒயர் என்ன செய்யுமோ அதைத்தான் நரம்பும் செய்யும். காற்று பட்டது என்ற சாதாரணச் செய்தி, மூளைக்கு வலியாகப் போய்ச் சேர்கிறது.

எந்நேரமும் 'விண் விண்' என்று தெறிக்கும் தலைவலி இல்லை இது. மைக்ரேன் மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் நீடிக்கும்; குமட்டல் வரும்; வெளிச்சம் பார்த்தால் பிடிக்காது. முக்கிளை நரம்பு வலி ஒரு நொடியிலிருந்து இரண்டு நிமிடம் வரைதான் இருக்கும். போகும், திரும்ப வரும். ஒரு நாளில் பத்து முறையும் வரலாம், நூறு முறையும் வரலாம். ஏறக்குறைய எல்லோருக்கும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான். நெற்றிக் கிளையில் வந்தால் 'ஒத்தைத் தலைவலி' என்றும், தாடைக் கிளையில் வந்தால் 'பல்வலி' என்றும் வீட்டில் பெயர் வைத்துவிடுவார்கள்.

எதைச் செய்தால் வலி வருகிறது என்று பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். பல் துலக்குவது, முகம் கழுவுவது, ஷேவிங், பவுடர் பூசுவது, மூக்குத்தியைத் திருகுவது, வாயில் சோற்றை வைத்து மெல்லுவது, சிரிப்பது. மார்கழிக் காலையில் சி.டி.எச். ரோட்டில் வண்டி ஓட்டும்போது முகத்தில் அடிக்கும் காற்றே போதும். ஹெல்மெட் மாட்டவும் முடியாது, மாட்டாமல் போகவும் முடியாது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வருபவருக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

சாப்பிட்டால் வலிக்கும் என்பதால் சாப்பாடு குறையும். கஞ்சி, மோர் என்று ஓட்டுவார்கள். பேசினால் வலிக்கும் என்பதால் பேச்சு குறையும். 'அம்மா முன்ன மாதிரி பேசறதே இல்ல' என்று பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். வலி நிற்கும் நேரத்திலும் அடுத்தது எப்போது வரும் என்ற பயம் நிற்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகத்தில் வீக்கமோ காயமோ தெரியாது என்பதால், 'நடிப்பு' என்ற பட்டமும் கிடைக்கும். ஆங்கிலத்தில் இதற்குத் 'தற்கொலை நோய்' என்றே ஒரு பெயர் உண்டு. சல்மானும் ஒரு முறை மேடையில் அந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரே பயமுறுத்துகிறது. ஆனால் சிகிச்சை இல்லாத நோய் இல்லை இது.

பல்லைப் பிடுங்கும் முன்...

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலிலிருந்து வேலப்பன்சாவடி வரை போனால், சுற்றுவட்டாரத்தில் மட்டும் எத்தனை பல் மருத்துவக் கல்லூரிகள்! தாடையில் வலி என்றால் இந்தப் பக்கத்து மக்கள் முதலில் போவது பல் டாக்டரிடம்தான். அதில் தவறே இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் 'ஓரல் மெடிசின்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த வலியைக் கண்டுபிடித்து நரம்பியல் டாக்டருக்கு அனுப்புவது பல நேரங்களில் அவர்கள்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 'டாக்டர், இந்தப் பல்தான், பிடுங்கிடுங்க' என்று நோயாளியே அடம்பிடிக்கும்போது. பல் போகும், வலி போகாது. அடுத்த பல்லைக் கை காட்டுவார்கள். உலகம் முழுக்க இந்த நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது. எனவே பல் நாற்காலியில் உட்காரும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். வலி எத்தனை நொடி இருக்கிறது, தொட்டால் வருகிறதா, ராத்திரி தூக்கத்தில் வருகிறதா? சொத்தைப் பல் வலி தூங்கவிடாது. முக்கிளை நரம்பு வலி பெரும்பாலும் தூக்கத்தில் சும்மா இருந்துவிட்டு, காலையில் பிரஷ்ஷை எடுத்ததும் தொடங்கும்.

'எனக்கு வலிப்பு நோயா டாக்டர்?'

முதல் சிகிச்சை மாத்திரைதான். பாராசிட்டமாலோ சாதாரண வலி மாத்திரைகளோ இந்த வலியிடம் தோற்றுவிடும். டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் கார்பமசெபின். வலிப்பு நோய்க்கான மருந்து. 1962-ல் ஸ்வீடன் டாக்டர் ப்ளோம் இதை முக்கிளை நரம்பு வலிக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் முதல் மருந்து. மெடிக்கல் ஷாப்பில் 'இது ஃபிட்ஸ் மாத்திரை' என்று யாராவது சொன்னதும் பயந்து நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். நரம்பின் தேவையில்லாத மின்பொறியை அடக்குவது இதன் வேலை. வலிப்புக்கும் அதுதான் தேவை, இந்த வலிக்கும் அதுதான்.

மருந்துக்கும் விலை உண்டு. தூக்கம், தலைசுற்றல், தடுமாற்றம் வரும். எஸ்டேட்டில் மெஷின் முன்னால் நிற்பவர்களும் டூவீலர் ஓட்டுபவர்களும் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. ஆரம்ப வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அபூர்வமாக அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம்.

பலருக்கு மாத்திரையே போதும். சிலருக்கு வருடங்கள் போகப் போக டோஸ் ஏறிக்கொண்டே போகும். வலியும் அடங்காது, மயக்கமும் தெளியாது. ஆபரேஷன் பேச்சு வருவது அந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சாதாரண மூளை ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்திருக்கலாம். நரம்பையும் ரத்தக்குழாயையும் மெல்லிய துண்டுகளாகக் காட்டும் தனிப் படம் தேவை. ஸ்கேன் சென்டருக்குப் போகும்போது டாக்டரின் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு முறை பணம் கட்டுவது மிச்சமாகும்.

பல் மருத்துவ மாணவர்களால் வந்த ஆபரேஷன்

அமெரிக்க டாக்டர் வால்டர் டாண்டி, 1930-களிலேயே இந்த நரம்பின்மேல் ரத்தக்குழாய் படிந்திருப்பதைப் பார்த்து எழுதிவிட்டார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960-களின் நடுவில், லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர் ஜானெட்டா என்ற பயிற்சி டாக்டர், பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக நரம்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபோது, முக்கிளை நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருந்தது. நரம்பை வெட்ட வேண்டாம், குழாயை நகர்த்தினால் போதுமே என்று தோன்றியது. 1966-ல் அதைச் செய்தும் காட்டினார். சீனியர்கள் பலர் நம்பவில்லை. நம்ப வைக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன.

1996-ல் அவரது குழு வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 20 ஆண்டுகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,185 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 10 ஆண்டுகள் கழித்தும் சுமார் 70 சதவிகிதம் பேர் மாத்திரை இல்லாமல், வலி இல்லாமல் இருந்தார்கள். அதே கணக்கின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். இரண்டு பேர் இறந்தார்கள். 16 பேருக்கு ஒரு பக்கக் காது கேட்காமல் போனது. அனுபவம் மிகுந்த ஒரு குழுவின் கணக்கு இது. 'உங்கள் மருத்துவமனையில் இது எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷன் இப்படித்தான். முழு மயக்கம். வலிக்கும் பக்கத்துக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடியை மட்டும் மழிப்பார்கள், மொட்டை தேவையில்லை. ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்பில் திறப்பு. மைக்ராஸ்கோப்பில் நரம்பைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கிடக்கும் ரத்தக்குழாயை மெதுவாக விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சை வைப்பார்கள். ஆமாம், நான்ஸ்டிக் தவாவில் பூசும் அதே டெஃப்லான்தான்! உடலோடு வினைபுரியாது என்பதால் அது. குழாய் துடிக்கும், ஆனால் அடி நரம்பின்மேல் விழாது.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் ஐ.சி.யூ. கண் விழித்ததும் பலர் செய்வது கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்த 'ஷாக்' அங்கேயே நின்றிருக்கும். சிலருக்குப் போக நாள்கள், ஏன், சில வாரங்கள்கூட ஆகலாம். உடனே நிற்கவில்லை என்பதற்காக ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

பழைய வலிக்குப் பதில் புதுத் தொந்தரவுகள் வரும். இதைத்தான் யாரும் முன்கூட்டியே வீட்டில் சொல்வதில்லை. தலைவலிக்கு ஆபரேஷன் செய்தவருக்கே தலைவலி வரும்! தையல் போட்ட இடத்தில் வலி, கழுத்துப் பிடிப்பு, எழுந்து உட்கார்ந்தால் சுற்றல், குமட்டல். காதில் தண்ணீர் புகுந்ததுபோல் அடைப்பு. சிலருக்குக் கன்னத்தில் மரத்த உணர்வு. உதட்டோரத்தில் அக்கிக் கொப்புளம் வருவதும் உண்டு. நரம்பில் தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் விழித்துக்கொள்வதால் வருவது அது. பெரும்பாலானவை நாள்களிலோ வாரங்களிலோ தணியும்.

பொதுவாக ஒரு வாரத்துக்குள் டிஸ்சார்ஜ். ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் கழுத்தில் கேட்கும். காராக இருந்தாலும் மெதுவாக. வீட்டில் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வேண்டும். பத்து நாள் வாக்கில் தையல் பிரிக்கும்வரை காயத்தில் தண்ணீர் படக் கூடாது. தலைக்குக் குளிப்பதை டாக்டர் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம். மஞ்சள், எண்ணெய் எதையும் காயத்தின்மேல் தடவ வேண்டாம்.

முக்கியமான விஷயம் முக்கக் கூடாது என்பது. வாசலில் லாரித் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தைத் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, குனிந்து வீடு துடைப்பது எல்லாம் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும். மலச்சிக்கலும் அப்படித்தான். வலி மாத்திரைகளால் மலம் இறுகும் என்பதால், தண்ணீரும் பழமும் கீரையும் சாப்பாட்டில் இருக்கட்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நடக்கலாம், நடக்கவும் வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டுவது, தையலில் ஈரம், தொண்டையில் உப்பு ருசியோடு எதோ இறங்குவது: மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிவதாக இருக்கலாம். ஜலதோஷம் என்று ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, முகம் கோணுதல் எல்லாவற்றுக்கும் உடனே மருத்துவமனைதான்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவது பலர் செய்யும் தவறு. வலி போய்விட்டதே என்று கார்பமசெபினை ஒரேயடியாக விடக் கூடாது. டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். அது குறையக் குறைய, வருடக்கணக்கில் இருந்த மந்தம் விலகி முகம் தெளியும். அதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

உடம்பு தேறிய பிறகும் ஒரு பழக்கம் மட்டும் போகாது. வலிக்காத பக்கமாகவே மெல்லுவது, ஒரு பக்கம் மட்டும் பல் துலக்குவது, யாராவது கன்னத்தருகே கையைக் கொண்டுவந்தால் பின்வாங்குவது. பேரக் குழந்தை முத்தம் கொடுக்க வந்தால்கூடத் தலை தானாகத் திரும்பும். நரம்பு மறந்துவிட்டது, ஆள் மறக்கவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது. கொஞ்ச நாள் ஆகும். வருடக்கணக்கில் துலக்காமல் விட்ட பக்கத்துப் பற்களைக் காட்ட, இப்போது நிஜமாகவே பல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் இந்த ஆபரேஷன் ஒத்துவராது. வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், முழு மயக்கம் தாங்காதவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடாக்குவது, சின்ன பலூனால் அழுத்துவது போன்ற வழிகள் உண்டு. சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் மரத்துப்போதல் அதிகம், வலி திரும்பும் வாய்ப்பும் அதிகம். காமா நைஃப் என்பது கத்தியே இல்லாத கதிர்வீச்சு. அதன் பலன் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்.

அப்படியென்றால் மைக்ரேனுக்கும் ஆபரேஷனா?

இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் 15 வருஷமா தலைவலி' என்று கிளம்புபவர்களுக்கு ஒரு பிரேக். மைக்ரேனுக்கும் நரம்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் பாமன் குயுரான் அதற்கு முன்னோடி. நெற்றிச் சுருக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலர் 'மைக்ரேனும் போயிடுச்சு' என்று சொன்னதிலிருந்து தொடங்கியது அது. 2009-ல் அவர் 75 பேரை வைத்துச் சோதித்தார். 49 பேருக்கு நிஜ ஆபரேஷன், 26 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்த போலி ஆபரேஷன். தலைவலி முழுதாக நின்றது நிஜத்தில் 57 சதவிகிதம் பேருக்கு, போலியில் 4 சதவிகிதம் பேருக்கு. ஆனால் பாதிக்குப் பாதியாவது குறைந்தது என்று சொன்னவர்கள் போலியிலேயே 58 சதவிகிதம்! தலைவலி விஷயத்தில் நம்பிக்கை எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். சோதனைக்கு வெளியே இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013-ல் சொல்லிவிட்டது.

நாள்பட்ட தலைவலியோடு இருப்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது, மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறோம் என்பதை. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதம் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே அதிகம்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடி, பூந்தமல்லி இன்றும் திருவள்ளூர் மாவட்டம்தான். எனவே அம்பத்தூர்க்காரர் போக வேண்டியது ராஜாஜி சாலைக்கு, ஆவடிக்காரர் போக வேண்டியது திருவள்ளூருக்கு. அட்மிட் ஆகும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில், இந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு ஒப்புதல் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2017-ல் அதற்கான சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. ஆபரேஷனைவிடப் பலரைப் பயமுறுத்துவது, அதன் பிறகு வேலைக்குப் போக முடியாத நாள்கள்தான். லேசான வேலைக்கே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், பாரம் தூக்கும் வேலைக்கு இன்னும் அதிகம். சந்தா நாள்கள் சரியாக இருந்தால், இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள் வரை வாங்கலாம். அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, டிஸ்பென்சரியில் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். வேலைக்குத் திரும்பும்போது வாங்கும் ஃபிட்னஸ் சான்றிதழில், முதல் சில வாரங்களுக்கு நைட் ஷிப்ட்டும் பாரம் தூக்கும் வேலையும் வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாயால் சொன்னால் சூப்பர்வைசருக்கு மறந்துபோகும்.